நாலு புள்ளி இரண்டு

பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றப்போன மினி லாரியில்
முன்சீட்டுக் கிடைத்தது எனக்கும்
மடியில் இருந்த சோதனைப் பெட்டிக்கும்.
கரகப்பாறை தர்கா என்றதும் டிரைவர் கேட்டான்:
"அந்தத் தண்ணியையா சோதிக்கப் போறே?
எங்கக்கா முட்டி வலிக்கு
அதைத்தானே ரெண்டு வருசமா குடிக்கிறா."

முட்டி வலிக்கு.

நான் பதில் சொல்லவில்லை.
பொதுவாகவே வாயை அதிகம் திறக்கிறவள் இல்லை நான்,
திறந்தால் எந்தப் பக்கத்துக்காரி என்று
பல்லே சொல்லிவிடும்.
கல்யாண போட்டோவில்கூட
உதடு பிரியாமல் நிற்கிறேன்.

கிணற்றைச் சுற்றிப் பச்சைக் கம்பி,
கம்பி தெரியாமல் வேண்டுதல் துணி.
ஹஜ்ரத் கரீமுல்லா ஷா
தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு
தானே இறைத்துத் தந்தார்.
குழாயில் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டேன்.
இளஞ்சிவப்பாக நிற்க வேண்டிய நீர்
மஞ்சளுக்குப் போனது,
தயங்காமல் போனது.

வண்ண அட்டையை வாங்கி
வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
"எவ்வளவு இருக்கலாம்?"
"ஒண்ணரை."
"இதுல?"
"நாலுக்குக் கிட்ட. சரியான கணக்கு
தருமபுரி லேப் சொல்லும்."
"காய்ச்சினா குறையுமா?"
"ஏறும்."

மஜாருக்குள் போனார். போர்வையைச் சரிசெய்தார்,
சரியாக இருந்த போர்வையை.
வெளியே வந்து கேட்டார்:
"வாரா வாரம் நானூறு பேருக்கு
என் கையால ஊத்தறேம்மா.
பதினெட்டு வருசம்.
இதை எந்த நோட்டுல எழுதறது?"

லேப் கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை,
நாலு புள்ளி இரண்டு என்று.
அவர் பூட்டுப் போட்டது அதற்கு முந்தைய வியாழன்,
வரிசையில் பாட்டில்கள் நிற்கையிலேயே.

கமிட்டிச் செயலாளர் அமானுல்லா
சாவியைப் பிடுங்கப் பார்த்தாராம்.
மாரண்டஹள்ளியிலிருந்து வந்த ஒரு குடும்பம்
மண்ணை வாரித் தூற்றியதாம்.
"அவுலியா தண்ணியை விசம்னு சொல்ல
நீங்க யாரு?"
அவர் சொன்னது இவ்வளவுதான்:
"அவுலியா குடுத்தது துஆ.
தண்ணி குடுத்தது பாறை.
ரெண்டையும் நான்தான் குழப்பிட்டேன்."

உண்டியல் பாதியானது.
அந்த வருட உரூஸில்
வேலூர் பாட்டுக்காரர்கள் இல்லை, சீரியல் விளக்கு இல்லை,
சந்தனக்குடம் மட்டும் ஒரு டிராக்டரில் வந்தது.
மிச்சப் பணத்தில் குபாவைச் சுற்றித் தகரத் தாழ்வாரம்,
தாழ்வாரத்திலிருந்து குழாய்,
குழாய்க்குக் கீழே மணலும் கரியும் போட்ட தொட்டி.
குழி வெட்டியவர்களில் மாதையனும் இருந்தான்,
பஞ்சாயத்து மோட்டார் ஆபரேட்டர்,
கூலி வாங்காமல்.
மண் தூற்றிய குடும்பம் வரவில்லை,
இன்றுவரை வரவில்லை.

மழை வராத மாதங்களில்
ஒகேனக்கல் குழாயடியில் நிற்பார்,
பச்சைத் தலைப்பாகையோடு,
இரண்டு நீலக் குடங்களோடு.
யாரோ இடம் விட்டால் முறைப்பார்.
குழாய் கசிகிறது என்று கலெக்டர் ஆபீசுக்கு
அவர் எழுதிய மனுக்கள் பதினொன்று.
ஒன்பதாவதில் பிஸ்மில்லாஹ்வுக்கு அடுத்த வரியிலேயே
வால்வு எண்.

என் படிவத்தில் 'எடுத்த நடவடிக்கை' என்றொரு கட்டம்,
ஒரு அங்குல அகலம்.
'ஆதாரம் மூடப்பட்டது' என்று எழுதினேன்.
மூடியது யார் என்று
படிவம் கேட்பதில்லை.

ஐப்பசியில் தொட்டி நிறைந்ததும் மறுபடி போனேன்.
குழாயில் ஊற்றிச் சொட்டு விட்டுக் காத்திருந்தோம்,
அவர், அமானுல்லா, வேலியோரம் இரண்டு ஆடுகள்.
இளஞ்சிவப்பு.
இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம்.
இளஞ்சிவப்பேதான்.

"இப்ப இதுல ஓதி ஊதலாமாம்மா?
அதுக்கும் ஏதாவது அளவு இருக்கா?"

"அதுக்கு எங்க டிபார்ட்மெண்ட்டுல
மருந்து இல்லீங்க" என்றேன்.

சிரித்தார்.
கையால் வாயை மறைக்க மறந்து சிரித்தார்,
துரு ஏறிய பற்கள் அத்தனையும் தெரிய.
நானும்தான்.

அப்போது கேட்டில் ஒரு பெண்,
கையில் காலி பாட்டில், ஒரு கால் சாய்த்து நடை.
டிரைவரின் அக்காவாக இருக்கலாம்,
நான் கேட்கவில்லை.
பூட்டிய கிணற்றருகே போய் நின்று
பூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் எழுந்தார்.
"அங்க இல்ல தாயி,
இந்தப் பக்கம் வா."